ஓடிப்போனவனின் காது

உவாஜிமா,
இலையுதிர்காலம்

அன்புள்ள நிஷியோவுக்கு,

மசாஷி எழுதுவது. மலைச்சரிவில் ஆரஞ்சுகள் மஞ்சள் தட்டத் தொடங்கிவிட்டன. இந்த வருடம் புயல் எங்களை விட்டுவிட்டது. என் மனைவி ஃபுமியின் முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நீ வரையும் அனிமே தொடர் நாடு முழுக்க ஓடுகிறதாம். டோக்கியோவில் உனக்கு என்ன குறை இருக்கப்போகிறது.

நீ அனுப்பிய இனிப்புப் பெட்டி வந்தது. ரசிகர் விழா மேடையில் நானும் வந்து நிற்கவேண்டும் என்ற உன் அழைப்பும் அதற்குள் இருந்தது. இனிப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். விழாவுக்கு நான் வரப்போவதில்லை.

முந்தின குளிர்காலத்தில் நீ கேமராவோடு வந்து என் கராத்தே பயிற்சிக்கூடத்தில் தங்கியது நினைவிருக்கும். என் நடையை எடுத்தாய், என் குத்தை எடுத்தாய், உதை வாங்கிச் சுருண்டுபோன இந்த இடது காதைக்கூட எல்லாப் பக்கமிருந்தும் எடுத்தாய். "கதையில பின்வரிசையில நிக்கிற பாத்திரம்தான்டா. ஆனா ஒரு தடவை பார்த்தவன் மறக்கமாட்டான்" என்றாய். நான் குழந்தைபோல் பூரித்துப்போனேன். அன்று மாலை சாக்கே மது ஊற்றிக்கொடுத்துக்கொண்டே, "மட்சுயாமா இறுதிப் போட்டியில பாதியில ஏன்டா இறங்கிப் போன?" என்று கேட்டாய். ஃபுமிக்கே சொல்லாததை உன்னிடம் சொன்னேன்.

அன்று என்னை எதிர்த்து மோதிய நம் ஊர் இவாகி பின்மண்டை அடிபட விழுந்து எழுந்தான். அவன் கண்மணிகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. நடுவர் அதைக் கவனிக்காமல் தொடரச் சொல்லிவிட்டார். இன்னொரு அடி விழுந்திருந்தால் அவன் உயிர் போயிருக்கும். கையைத் தாழ்த்தினேன், தலைகுனிந்து வணங்கினேன், இறங்கி நடந்தேன். வெற்றி அவனுக்குப் போனது. அதை வைத்துத்தான் பள்ளியில் பயிற்சியாளர் வேலை, கல்யாணம் எல்லாம் அவனுக்கு அமைந்தன. காரணத்தைச் சொன்னால் அவன் வெற்றி பிச்சையாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஊர் என்னைக் கோழை என்றது. பிறகு அதுவும் மறந்துபோனது.

நீ மறக்கவில்லை.

என் காட்சி வரும் அன்று ஊர்மன்றத்தில் பெரிய திரை கட்டினார்கள். பெண்கள் மீன்சோறு சமைத்துக்கொண்டு வந்தார்கள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், பக்கத்தில் இவாகி. திரையில் என் காதோடு, என் நடையோடு ஒருவன் வந்தான். எதிரியைப் பார்த்ததும் அவன் கால் நடுங்கியது. கால்சட்டை நனைந்தது. "அம்மா!" என்று அலறிக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினான். உன் கதாநாயகன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்றமே சிரித்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நானும் சிரித்தேன். ஃபுமி மட்டும் சோற்றுப் பெட்டியை மூடினாள். வீட்டுக்கு வந்ததும், "காதையாவது மாத்தி வரைஞ்சிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?" என்றாள். அதற்கப்புறம் உன் பெயரை அவள் எடுக்கவில்லை.

தொலைபேசியில் உன்னைக் கேட்டேன். நீ சிரித்தாய். "கதைக்கு ஒரு கோழை வேணும்டா மசா, தப்பா எடுத்துக்காத. உன் ரகசியத்தை எங்கயாவது சொன்னேனா? காப்பாத்தத்தானே செஞ்சேன்?" என்றாய். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் இவாகி துறைமுகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். "நிஷியோகிட்ட நீயே சொன்னியாமே, அன்னைக்குப் பயந்துட்டேன்னு? ஊரே பேசுது" என்றான். "இத்தனை வருஷமும் எனக்காகத்தான் நீ இறங்கிப் போனியோன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சுப்பா. உன் முகத்தைப் பார்த்தாலே கூசும். இப்பதான் நெஞ்சு லேசாச்சு" என்று சொல்லி என் முதுகில் ஓங்கித் தட்டினான். அவன் அப்படி மனம்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பை எப்படிப் பறிப்பேன்? "ஆமாப்பா, பயந்துதான் போனேன்" என்று என் வாயாலேயே சொன்னேன்.

ஊர் சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்பது பிறகு ஒரு துணையாக இருந்தது. அந்த ஒரு துணையும் போய்விட்டது, நிஷியோ. இப்போது இவாகி என்னைக் கண்டால் இரக்கத்தோடு பேசுகிறான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நான் முதுகைத் திருப்பியதும் "அம்மா!" என்று மெல்லக் கத்துகிறார்கள். நான் திட்டுவதில்லை. அவர்கள் படித்தது உன்னிடம்.

தொடரின் அடுத்த பகுதியிலும் அந்த ஓடிப்போனவன் வருகிறானாம், ரசிகர்களுக்கு அவனை அவ்வளவு பிடித்திருக்கிறதாம். நான் தடுக்கப்போவதில்லை. அவனை வீரனாக்கு என்றும் கேட்கமாட்டேன்.

உன் கைக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். நன்றாகச் சாப்பிடு. குளிர் வருகிறது, நெஞ்சுச் சளியைக் கவனி.

சென்ற மாதம் முன்னோர் வழிபாட்டு நாளில் வழக்கம்போல் உன் அம்மாவின் கல்லறைக்குப் போனேன். பாசியைத் தேய்த்துக் கழுவி, பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றினேன். நீ நலமாக இருப்பதாக மட்டும் அவரிடம் சொன்னேன். மற்றதை நீயே வந்து சொல்.

இப்படிக்கு,
தோகுரா மசாஷி