கிடுகு கேட்ட ஓடாவியார்

என் ஆசை அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் சுகத்துக்கு என்ன குறை? இங்கே நாங்களும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முணுமுணுக்கிறது. கல்முனையில் பாதி வீடுகளுக்குக் கதவும் கூரைமரமும் செய்து கொடுத்த ஓடாவியார் உங்கள் வீட்டுக்கு இந்த வருடம்தான் ஓடு போட்டோம். நீங்கள் இருந்து பார்த்திருக்கலாம்.

மாலையில் பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னதும் விளக்கைக் கொளுத்தி எங்களை ஜெபத்துக்குக் கூப்பிடுவீர்கள். "நமக்கும் சேத்துத்தான் கூப்பிடுறாங்க" என்பீர்கள். பிறகு தொடங்கும் உங்கள் பட்டியல். சைக்கிள் டயர், அம்மாவின் கடைவாய்ப் பல், நாளைக்குக் கொஞ்சம் இறால். கோயிலில் போதகரின் ஜெபத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு வெட்கமாக இருக்கும். பக்கத்து வீட்டு இஸ்மாயில் காக்காவுக்கும் எல்லாம் கேட்குமே.

"கடவுளிட்ட இதெல்லாமா கேக்கிற?" என்றால், "அவரிட்டக் கேக்காம மறுகா ஆரிட்டக் கேக்கிற, புள்ள?" என்பீர்கள்.

சூறாவளி வந்த வருடம் நீங்கள் கேட்டது கிடுகு, பின்னிய தென்னோலை. கூரை ஒழுகியது, மாரிக்கு முன் வேய வேண்டும். "ஆண்டவரே, கிடுகு தாரும்" என்று ஒரு மாதமாக விடாமல் கேட்டீர்கள். காற்று அடித்து ஓய்ந்த காலையில் எங்களுக்குக் கூரையே இல்லை. காக்காவின் வளவில் ஒரு தென்னைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. உயிர் தப்பிய சந்தோஷமோ பயமோ, என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பா, கிடுகுதானே கேட்டீங்க. ஊருக்கே காணுமான ஓலையத் தந்துட்டார்."

அம்மா சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. நான் பகிடிக்குச் சொன்னதை அப்படியே நம்பிவிட்டீர்கள். கேட்டால் தருவார் என்று நம்புகிறவர் அதையும் நம்பாமல் என்ன செய்வார்? அன்றிலிருந்து நீங்கள் எதையும் கேட்கவில்லை. "உமது சித்தம், ஆமேன்." அவ்வளவுதான் ஜெபம். அந்தப் பட்டியலுக்கு வெட்கப்பட்ட நான், அது இல்லாமல் தவித்துப் போனேன். பகிடி என்று எத்தனை தரம் சொல்லியும் உங்கள் காதில் ஏறவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு காக்காவின் வளவுக்குப் போனீர்கள். அவர் விழுந்த மரங்களைத் தறித்துக்கொண்டு நின்றார்.

"காக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்க. கிடுகு கேட்டது நான்தான்."

எனக்கு எங்கே போய் ஒளிவதென்று தெரியவில்லை. காக்கா கோடரியைக் கீழே வைத்தார்.

"ஓடாவியார், இந்தப் புள்ள உங்களிட்டத் தண்ணி கேட்டா கிணத்துக்குள்ள தள்ளி உடுவீங்களா?"

"இல்ல."

"மறுகா? படைச்சவன் உங்களவிட மோசமா? நீங்க கேளுங்க. உங்கட சத்தம் இல்லாம எனக்கும் பின்னேரம் பின்னேரமாத் தெரியல்ல."

சொல்லிவிட்டு ஒரு கட்டு ஓலையையும் உங்கள் தலையில் ஏற்றிவிட்டார்.

அன்று மாலை வாங்கு சொன்னதும் விளக்கைக் கொளுத்தினீர்கள். பிறகு, "ஆண்டவரே, என்ட மகள்ர வாயக் கொஞ்சம் அடக்கித் தாரும்" என்று தொடங்கி, இறாலில் போய் முடித்தீர்கள். நான் அழுதுகொண்டே ஆமேன் சொன்னேன். வாய் அடங்கவில்லை என்று என் கணவர் இன்றைக்கும் சாட்சி சொல்வார்.

நீங்கள் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். நான்தான் தொடங்கவே இல்லை, அப்பா. ஊருக்காக ஜெபிப்பேன், நோயாளிகளுக்காக ஜெபிப்பேன். கலியாணமாகி ஆறு வருடம். தெருவில் எல்லோரும் விசாரிக்கிறார்கள், அம்மா விசாரிக்காமல் என் முகத்தைப் பார்க்கிறார். நானோ கடவுளிடம், "உமது சித்தம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழும்பிவிடுவேன். அதை விசுவாசம் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது பயம். கேட்டு, கிடைக்காமல் போனால்?

காக்காவின் பேத்திக்கு நாலு வயது. தினமும் வந்து, "மாமி, விசுக்கோத்து தாங்க" என்பாள். முந்தாநாள் முடிந்துவிட்டது, இல்லை என்றேன். நேற்றும் வந்து அதே சிரிப்போடு கை நீட்டினாள். முந்தாநாள் கிடைக்காதது அவளுக்கு நினைவே இல்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுவிட்டேன். ஒரு பிள்ளை வேணும். பெண் பிள்ளை. சுருட்டை முடி. உங்கள் மூக்கு மட்டும் வேண்டாம் என்றும் சொன்னேன், கோபிக்காதீர்கள். என் கணவருக்குக்கூட இதை இன்னும் சொல்லவில்லை.

கடவுள் தருவாரா? தெரியாது. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: இன்றைக்கு இல்லை என்றாலும் நாளைக்கும் போய்க் கேட்பேன். இன்னொன்று. நேற்று முழங்காலில் நின்றபோது "ஆண்டவரே" என்று தொடங்க எனக்கு வாய் வரவில்லை. "அப்பா" என்றுதான் வந்தது.

உங்கள் ஒரே மகள்,
கிரேஸ்