விளக்கு வரிசைக்கு முன்னால் வெள்ளைப் பாவாடை

ஹட்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தம்பி மதுரன் மூவரும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், அதை மட்டும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. எழுதச் சுணங்கியதற்குக் கோபிக்காதே. போனில் கேட்டால் இரண்டு தரம் "ம்" போட்டுவிட்டு மூன்றாவதற்கு சிக்னல் இல்லை என்கிறாய், கொழும்பில் சிக்னல் இல்லாத இடம் எது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது. நாளைக்கு நம் துணிக்கடைக்குச் சரக்கு எடுக்க சின்னராசா அண்ணன் கொழும்புப் புறக்கோட்டைக்கு வருகிறார், நீ கேட்ட லைனிங் துணியோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் வந்த அப்பா இரத்தத்தில் சீனி கூடவில்லை என்கிறார், டொக்டர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். இந்த வீட்டில் ஆளுக்கு ஒன்றாய் என்னிடம் மறைக்கிறீர்கள்.

முதலில் நீ முகநூலில் போட்ட அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் அதைப் பார்த்தது பக்கத்துப் பாத்திரக்கடை வினோதா. கடையில் ஆட்கள் நிற்கும்போதே உள்ளே வந்து, "என்னங்கக்கா, மகளுக்குக் கோயில்ல மாலை மாத்துவீங்கன்னு பாத்தா சேர்ச்சுல வச்சு முடிச்சிட்டீங்க, எங்களுக்கு ஒரு துண்டு கேக்காவது குடுத்திருக்கக் கூடாதா" என்று கேட்டாள். போனை வாங்கிப் பார்த்தால் கணுக்கால் வரை வெள்ளைப் பாவாடை, தலையில் வெள்ளைப் பூவளையம், முகத்தின்மேல் நெட், பக்கத்தில் ஓர் ஆணின் கை மட்டும். அப்பா துணி கிழிப்பதை நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மோதிரம் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் நீ சொன்னாய், அது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாலே நடன உடுப்பு, உங்கள் உடை வடிவமைப்பு வகுப்பின் கடைசி நிகழ்ச்சிக்கு நீங்களே தைத்து நீங்களே உடுத்தி ஆடுகிறீர்கள் என்று. சரி, நம்பினேன். கை யாருடையது என்றேன், விளக்குப் பிடிக்கிற வகுப்புத் தோழன் என்றாய். என்ன விளக்கு என்றேன். அப்போதுதான் வாய் தவறி வந்தது. அந்தக் காலத்து மேடை போலவே இருக்க வேண்டும் என்று உங்கள் வகுப்புச் சேர் மேடை ஓரத்தில் வரிசையாக நிஜ எண்ணெய் விளக்கு ஏற்றுகிறாராம், "துணிக்கு நெருப்புப் புடிக்காத மருந்து போட்டிருக்கும்மா, சேரே சொன்னாரு" என்றாய்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசிப் பரீட்சை எழுதியவள் என்பதை நீ மறந்துவிட்டாய். தேடித் தேடிப் படித்தேன். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு மன்னார்க் காட்டு வழியாக நடந்து இந்த மலைக்கு வந்துகொண்டிருந்த அதே கோப்பிக்காலத்தில் அங்கே பாரிஸில் இந்தப் பிள்ளைகள் மல்துணியை அடுக்கடுக்காகத் தைத்து, புகை மாதிரி மிதக்க வேண்டும் என்று உடுத்தி, காஸ் விளக்குக்கு முன்னால் ஆடியிருக்கிறார்கள். எத்தனை பேர் அப்படியே எரிந்துபோனார்கள். படிகாரம் மாதிரி உப்புகளைக் கரைத்துத் துணியை அதில் முக்கினால் தீப் பிடிக்காது என்று அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் துணி விறைத்து மங்கிப்போகும் என்று ஆடுகிற பிள்ளைகளே வேண்டாம் என்றார்களாம். ஒருத்தி மருந்து போடாமல் ஆடுவது தன் பொறுப்பு என்று எழுதியே கொடுத்திருக்கிறாள், உன் வயதுதான், ஒத்திகையில் பாவாடையில் தீப் பிடித்து, மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்து இறந்துபோனாள். படுக்கையிலும் அந்த மருந்துப் பாவாடை அசிங்கம் என்றாளாம். அதைப் படித்துவிட்டு உன் படத்தை மறுபடி பார்த்தேன். உன் பாவாடை பால் மாதிரி இருக்கிறது மகள், காற்றில் பறக்கிறது. மருந்து எங்கே இருக்கிறது?

லைனிங் பொருத்தம் பார்க்க நீ அனுப்பிய பாவாடைத் துணியின் துண்டு மேசையில்தான் கிடந்தது. துணிக்கடையில் சரக்கைச் சோதிப்பது எப்படி என்று உனக்குத் தெரியும், ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பது. அப்பாவிடம் சொன்னேன். "பெரிய படிப்பு படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாததா, நீ எல்லாத்தையும் சந்தேகப்படுற" என்று சலித்துக்கொண்டேதான் நூலை உருவினார். நெருப்புக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனதும் பிடித்தது. பிறகு துண்டையே இடுக்கியில் பிடித்துக் காட்டினார், நான் ஒரு சொல் சொல்லி முடிப்பதற்குள் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாய் உதிர்ந்தது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "இது சும்மா துணி, ஒண்ணும் போடல. பிள்ளையை மேடையில ஏத்தாத" என்றார். அவ்வளவுதான், அன்று சாப்பிடவும் இல்லை.

அது மருந்து போடுமுன் வெட்டிய மிச்சத் துணி என்று நீ சொல்வாய். இருக்கலாம். அலசினால் சில மருந்து போய்விடும் என்றும் படித்தேன், அதுவாகவும் இருக்கலாம். உங்கள் சேர் பொய் சொன்னாரா, அவரிடம் வேறு யாராவது சொன்னார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் மருந்து போட்டதை உன் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டதும் உனக்கு சிக்னல் போய்விட்டது. அதனால் உன் பாவாடையின் உள்மடிப்பிலிருந்தே ஒரு சின்னத் துண்டு வெட்டி சேருக்கு முன்னாலேயே கொளுத்திக் காட்டு. கருகி அணைந்தால் சந்தோஷம், நானும் அப்பாவும் வந்து முன்வரிசையில் இருந்து கை தட்டுகிறோம். எரிந்தால் அந்த விளக்கை எடுக்கும்வரை நீ மேடை ஏற வேண்டாம், மற்றப் பிள்ளைகளையும் ஏற விடாதே, அவர்களுக்கும் அம்மா இருக்கிறாள். சேரிடம் எதிர்த்துப் பேசப் பயமென்றால், எங்கம்மா ஒரு மாதிரி, சந்தேகப் பிசாசு, ஹட்டனில இருந்து வந்து சத்தம் போடுவாங்க என்று சொல். உன் பெயர் கெட வேண்டாம் மகள், என் பெயர் கெடட்டும், அதற்குத்தான் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நனைந்த தலையோடு படுக்காதே. மாரியம்மன் உன்னை எந்தச் சூடும் அண்டாமல் காக்கட்டும். சின்னராசா அண்ணன் திரும்பும்போது கொளுத்திய துண்டின் மிச்சத்தை அவரிடம் கொடுத்துவிடு, உன் வாய்ச் சொல் எனக்குப் போதாது. கொளுத்தும்போது பாவாடையைக் கழற்றித் தூர வைத்துவிட வேண்டும், மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ஜெயந்தினி பிரதாபன்.