மானகிரியில் நின்ற புள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு, பெல்சி எழுதுகிறேன். நான் சுகம், உங்கள் மூட்டுவலி தேவலையா?

புயலில் செல்போன் செத்தாலும் நாங்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் ரேடியோவை இங்கே அந்தமானில் பொருத்தினேன். புயல் ஒத்திகையில் என் புள்ளியை மட்டும் காணோம். மூன்று நாள் கம்பத்தில் ஏறி இறங்கி, நல்ல ஒயரையெல்லாம் வெட்டித் தொலைத்தேன். கடைசியில் வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தால், புள்ளி மானகிரியில், நம் கிணற்றடியில்! லீவில் ஊருக்கு வந்து, ரேடியோவில் இடத்தைக் கையால் பதிந்து சோதித்தபோது, "வேற இடம் எதுக்கு? நம்ம வீட்டையே போடு தாயி" என்றீர்களே, அதை மாற்ற மறந்திருக்கிறேன். "வெள்ளம் வந்தா படகை மானகிரிக்கா அனுப்பணும்?" என்று அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார். எரிச்சலில் அழுகையே வந்தது.

இப்போது திருத்திவிட்டேன். மாடியில் கிடக்கும் ஒயர்ச் சுருளை அனுப்புங்கள், கூடவே கொஞ்சம் சீடையும். தபால் படகு கிளம்புகிறது.

மூன்று நாள் வீட்டில் இருந்திருக்கிறேன் அப்பா, எனக்கே தெரியாமல் போயிற்று.

பெல்சி