வாயைப் பொத்திய கை

கும்மிடிப்பூண்டி,
27.8.2024, செவ்வாய்க்கிழமை.

மணவாளன் அண்ணனுக்குத் தணிகைவேலின் மனைவி ஈஸ்வரி எழுதுவது.

இந்த இடத்தில் நலமா என்று கேட்க வேண்டும். கேட்க மாட்டேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்று வாரத்தில் பதினொரு முறை உங்களுக்கு ஃபோன் செய்தேன். நான்கு முறை எடுத்தீர்கள். நான்கு முறையும் "டூட்டியில இருக்கேன் தங்கச்சி, சாயங்காலம் பேசறேன்" என்றீர்கள். எந்த ஊர் சாயங்காலம் அண்ணா அது? புனேயில் பொழுதே சாயாதா? ஃபோனைப் பாதியில் அணைத்துவிடலாம். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழிப்பதாக இருந்தாலும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் சிப்காட்டில் அதே கம்பெனியில் பேக்கிங்கில்தான் இருக்கிறேன். இன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன். பட்டாளத்தில் உங்களுக்குக் கிடைத்த தம்பி இரும்பு உருக்கும் மில்லில் கேட் செக்யூரிட்டியாக இருந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு வரட்டும் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். இளமதி வீட்டில் இல்லை. அத்திப்பட்டில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஒன்பது வயதுப் பெண், அப்பா இருக்கிற வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாள். அதற்குக் காரணம் நான், அவர், நீங்கள், மூன்று பேரும்தான்.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன். அப்புறம் உங்களுடையதற்கு வருகிறேன்.

பட்டாளத்தை விட்டு வந்த நாளிலிருந்து இவர் பழைய ஆள் இல்லை. பஸ்ஸில் ஏறினால் உட்கார மாட்டார், எத்தனை பேர் என்று எண்ணுவார். ஓட்டலுக்குப் போனால் சுவரில் முதுகு ஒட்டுகிற இடம் கிடைக்கிறவரை நாங்கள் நிற்க வேண்டும். மில்லில் கிரேன் பழைய இரும்பைக் கொட்டுகிற சத்தம் கேட்டால் இவர் சட்டை வேர்வையில் நனைந்துவிடும் என்று கூட வேலை செய்கிற ஸ்டீவன் சொன்னான். அடுப்பில் பால் வைத்தால் மறந்துவிடுவார். போன மாதம் யார் வந்தார்கள் என்று கேட்டால் தெரியாது. ஆனால் ரோட்டோரத்தில் நேற்று இல்லாத ஒரு மூட்டை இன்றைக்குக் கிடந்தால் மட்டும் கண்ணில் பட்டுவிடும், சுற்றிக்கொண்டு போவார். ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார். பிறகு பீரோ பக்கத்தில் போய் நின்று அழுவார். கேட்டால் "இன்னா, ஒன்னுமில்ல, கண்ணுல தூசு" என்பார். நான்கு வருஷமாக இந்த வீட்டில் ஓயாத தூசு.

இன்னொன்று, அவர் கையால் சாப்பிட மாட்டார். பழைய சோறாக இருந்தாலும் ஸ்பூன்தான். பட்டாளத்து நாகரிகம் என்று நினைத்தேன். "துரை சாப்பிட வாங்க" என்று கிண்டல் செய்வேன். இளமதியும் சிரிப்பாள், அவரும் சிரிப்பார். அந்தக் கிண்டலை நினைத்தால் இன்றைக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் பெரியபாளையத்தம்மனிடம் போனேன். அவர் குணமானால் குடும்பத்தோடு வேப்பிலை கட்டி வலம் வருகிறோம் என்று வேண்டிக்கொண்டேன். குணமானால் என்றுதான் வேண்டினேன், ஆனால் குணமாகிற வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. முதலில் செய்துவிட்டால் அம்மன் சீக்கிரம் பார்ப்பாள் என்று ஆடி ஞாயிற்றுக்கிழமை, நான்காம் தேதி, கிளப்பிக்கொண்டு போனேன். அவருடைய கூடப்பிறந்த அண்ணன் சடையப்பனும் வந்தார். குளித்துவிட்டு ஈரத்தோடு நின்ற இவருக்கு இடுப்பில் கட்டினேன், தோளில் கட்டினேன், தலையிலும் ஒரு கொத்தைச் சுற்றினேன். என் கையால்தான் கட்டினேன் அண்ணா. எங்கள் பக்கம் காலகாலமாகக் கட்டுகிறதுதான். காட்டில் ஆள் தெரியாமல் இருக்க நீங்கள் எல்லாம் உடம்பில் இலை தழை கட்டிக்கொண்டு படுப்பீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னீர்கள்?

கட்டி முடிக்கும்போதே அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கோயிலைச் சுற்றிப் பாதி தூரம் போயிருப்போம், பக்கத்தில் பம்பைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். பொத்தென்று தரையில் விழுந்தார். வயிற்றால் தவழ்ந்தார். இளமதி பயந்துபோய் "அப்பா"வென்று கத்தினாள். எட்டி அவள் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, அவள் மேல் படுத்து, வலது கையால் அவள் வாயைப் பொத்தினார். மூக்கும் சேர்ந்து அந்தக் கைக்குள் போய்விட்டது.

கூட்டம் என்ன செய்தது தெரியுமா? "சாமி வந்துடுச்சு" என்று கை கூப்பியது. ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள். பம்பைக்காரன் இன்னும் வேகமாக அடித்தான். சடையப்பன் மாமா "தொடாத ஈஸ்வரி, ஆத்தா எறங்கிக்கினு கீறா" என்று என் தோளைப் பிடித்து இழுத்தார். என் பிள்ளையின் கால் உதைத்துக்கொண்டிருந்தது. பிறகு உதைக்கவில்லை. நான் மாமாவின் கையைக் கடித்துவிட்டு ஓடினேன். இவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அப்போது அவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஜெரால்டு, சத்தம் போடாதடா. மணவாளன் அண்ணன் சொல்ற வரைக்கும் பொறுத்துக்கடா" என்றார்.

இளமதிக்கு மூச்சு வந்துவிட்டது. நல்லபடியாக இருக்கிறாள். ஆனால் யாராவது முகத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் தலையை இழுத்துக்கொள்கிறாள். தலை வாரும்போதுகூட.

அடுத்த வாரமே சென்னைக்குப் போனோம். மனநல டாக்டர் ஜெனிபர், சின்ன வயது, அதட்டாமல் பேசுகிறார். மூளையில் ஆபத்துக்கு மணி அடிக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். போதும் நிறுத்து என்று அதை அடக்குகிற இடம் வேறாம். இது இன்ன வருஷம் நடந்தது, முடிந்துபோனது என்று தேதி போட்டு எடுத்து வைக்கிற இடம் இன்னொன்றாம். இவருக்கு மணி ஓயவே இல்லை, அடக்குகிற இடம் அடக்கி அடக்கித் தளர்ந்துவிட்டது, அந்த ஒரு நாளுக்குத் தேதியே விழவில்லை என்றார். இவர் மில்லில் சங்கு மாட்டிக்கொண்டு நிற்காமல் ஊதினால் எப்படி இருக்கும், அப்படியா என்று கேட்டேன். அப்படித்தான், அந்தச் சங்குக்கு நடுவில் இத்தனை வருஷம் அவர் உங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார் என்றார். பைத்தியம் இல்லை, கோழைத்தனம் இல்லை, சாமியும் இல்லை, காயம் என்றார். காயம் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருஷத்தில் அந்தச் சொல்லை இவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

பட்டாளத்தை விட்டு வரும்போது எடுத்த மெடிக்கலில் இதைச் சொன்னீர்களா என்று டாக்டர் கேட்டார். பேப்பர் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் இவர் சொன்னார். வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து பேப்பரைப் பார்த்தேன். தூக்கம் சரியாக உள்ளது, பயம் இல்லை, எந்தக் குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். யார் சொல்லிப் போட்டீர்கள் என்று கேட்டேன். "அண்ணன்தான் சொன்னாரு. வாயத் தொறக்காத, பைத்தியம்னு எழுதிட்டா வெளிய எவனும் செக்யூரிட்டி வேலைகூடத் தர மாட்டான், பொண்ணுக்கு நாளைக்கு மாப்ள வர மாட்டான்னாரு" என்றார்.

நன்றாக இருக்கிறது அண்ணா. இரண்டாவது முறையாக வாயைப் பொத்தியிருக்கிறீர்கள். முதல் முறை என்ன நடந்தது என்பதைப் போன வியாழக்கிழமை டாக்டர் முன்னால் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், காட்டில் நீங்கள் ஆறு பேர். ஜெரால்டுக்கு வயிற்றில் குண்டு பட்டது. கீழே பத்தடியில் சுட்டவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஜெரால்டு அலறினான். பொத்து என்று நீங்கள் கையைக் காட்டினீர்கள். இவர் பொத்தினார். எடு என்று நீங்கள் சொல்லவே இல்லை. அவர்கள் போய், நீங்கள் தலையைத் தூக்கி, இவர் கையை எடுத்தபோது ஜெரால்டுக்கு மூச்சு இல்லை. "குண்டுல செத்தானா, எங்கையால செத்தானா, தெரியல டாக்டர்" என்றார். வலது கையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார், அது வேறு யாருடையதோ மாதிரி.

ஸ்பூன் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உங்களைக் கேட்கிறேன். ஜெரால்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது நீங்கள். காயத்தைக் கட்டியது நீங்கள். அவன் எப்போது போனான் என்று உங்களுக்குத் தெரியும், அல்லது தெரியாது. எதுவாக இருந்தாலும் எட்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரு வார்த்தை, இவரிடம் சொல்லக்கூடாதா? எங்கள் கல்யாணத்துக்குக் குக்கர் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இனிமேல் நீ என் கூடப்பிறந்தவள் என்றீர்கள். தீபாவளிக்கு தீபாவளி ஃபோன் செய்து "பட்டாளத்தான் அழ மாட்டான் தங்கச்சி, எல்லாம் போகப் போக சரியாயிடும்" என்றீர்கள். என்ன சரியானது? உங்கள் மனசு சரியாக இருக்கட்டும் என்று என் வீடு எரியணுமா?

இவ்வளவு எழுதிவிட்டு நேற்று கங்கம்மா அண்ணியிடம் பேசினதையும் மறைக்கக் கூடாது. உங்களைப் பற்றிப் புகார் சொல்லத்தான் கூப்பிட்டேன். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எட்டு வருஷமா இவரு வேற மாதிரிம்மா" என்றார். கேம்பில் நூறு பேருக்குக் கட்டளை போடுகிற சுபேதார், வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடு என்றுகூடச் சொல்ல மாட்டீர்களாமே. எந்தப் புடவை, எந்தப் பள்ளிக்கூடம், என்ன சமையல், எதைக் கேட்டாலும் "நீயே சொல்லு" என்றுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவீர்களாமே. உங்கள் அம்மாவை ஐ.சி.யூ.வில் வைத்து டாக்டர் சம்மதம் கேட்டபோது வாசலில் போய் வாந்தி எடுத்தீர்களாமே. ஃபோனை வைத்த பிறகும் உங்கள் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் முன்னைப்போல முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, பத்தரை மணிக்கு டாக்டர் ஜெனிபர் வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கூட இருந்த ஒருத்தர் வந்தால் நல்லது என்கிறார். வந்த உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை, மாத்திரையும் பேச்சும் மாதக்கணக்கில் ஆகும் என்றார். ஆனால் அந்த நாளுக்கு ஒரு தேதி போடத் தொடங்கலாமாம். லீவு போட்டுக்கொண்டு வாருங்கள். என் வீட்டில் தங்கலாம். வந்ததும் வாசலிலேயே உங்களைத் திட்டுவேன், தெருவே கேட்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சோறு போடுவேன்.

அவரைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லாதீர்கள். கண்டுபிடித்துவிடுவார். குண்டில்தான் செத்தான் என்றால் அதைச் சொல்லுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். கையால்தான் என்றால் அதையும் சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன். ஆனால் கை அவருடையது, கட்டளை என்னுடையது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பாரத்தை ஒற்றை ஆள் எட்டு வருஷமாகத் தூக்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை இளமதி ஃபோனில் பேசினாள். அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அப்புறம் அவளே, "அப்பா கை சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டாள். பக்கத்தில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் என்ன பதில் சொல்வது? உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பெரியபாளையத்தம்மன் உங்கள் வாயைத் திறந்து வைக்கட்டும்.

கோபம் தீராத தங்கை,
ஈஸ்வரி தணிகைவேல்.