கிராம்பு எண்ணெயும் இரண்டு கண்ணாடித் துண்டுகளும்

இன்று பல் மருத்துவர் பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டுக் கடைவாயில் வைத்தார். வலி மறந்தது. நீ நினைவுக்கு வந்தாய்.

அதே வாசனை. சென்னைக் கல்லூரியின் விலங்கியல் கூடம், ஒரு ஞாயிறு மதியம். நான் அங்கே செய்முறை வகுப்பு நடத்த ஆரம்பித்திருந்த வருடம். சாவி என்னிடம் இருந்தது. நீ காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாய்.

உன்னை மகனாக வளர்த்த வீடு. ஐயம்பேட்டையில் பெண் பார்த்துத் தேதியும் குறித்துவிட்டார்கள். நீ பெண் என்பதைப் பள்ளி நாட்களிலேயே என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய். நம்பினேனா? தெரியவில்லை. கேட்டுக்கொண்டேன். இப்போது உன் அப்பாவிடம் காட்ட ஒரு சாட்சி வேண்டும். படித்த திமிரில் நான்தான் உனக்கு எழுதியிருந்தேன்: பெண்ணின் கன்னத்தைச் சுரண்டிச் சாயமேற்றிப் பார்த்தால் செல்லுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும், ஆணுக்குத் தெரியாது. அதை நம்பித்தான் வந்தாய்.

உன் கன்னத்தைச் சுரண்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதையும். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம், பிறகு செல் தெளிவாகத் தெரியக் கிராம்பு எண்ணெய். எங்கள் வீட்டுப் பட்டு நூலைவிட இதில் சாயம் நன்றாகப் பிடிக்கிறதே என்றாய்.

மைக்ராஸ்கோப்பில் இரண்டு மணி நேரம் தேடினேன். உன்னுடையதில் புள்ளி இல்லை. என்னுடையதிலும் இல்லை.

மையால் ஒன்று வைத்துவிடட்டுமா, அப்பாவுக்குத் தெரியவா போகிறது என்று கேட்டேன். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகப் புடவைக்கு டிசைன் வரைவது உன் தொழில்.

"புள்ளி வைக்கிறது என் வேலைப்பா. நீ வைச்சா கோணிக்கும்."

பிறகு நீயே குனிந்து இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாய். அழுவாய் என்று நினைத்தேன். உன் முகத்தில் இருந்தது ஆவல்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. அப்ப எனக்குத் தோணுறது உனக்கு ஏன்பா தோணல?"

ஹார்மோன் என்றேன். மூளை என்றேன். வளர்ப்பு என்று தொடங்கி நிறுத்தினேன். நான் ஆண் என்று எனக்கு எப்படித் தெரியும்? எந்த மைக்ராஸ்கோப்பிலும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னிடம் யாரும் சாட்சி கேட்டதுமில்லை.

மறுநாள் சாட்சியில்லாமலே ஐயம்பேட்டைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் நேரே சொன்னாய். உன் கடிதத்தில் இருந்தது. அவள் உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். "எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கெளம்புமா" என்றாளாம். அந்த 'மா'வுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய்.

கல்யாணம் நின்றது. வீட்டு வாசலும் உனக்கு அடைத்துக்கொண்டது. வாலாஜாபாத்தில் ஓர் அறை, நீயே வரைந்த கரையில் ஒரு புடவை, ஏழு வருடம். போன மாசியில் காய்ச்சல். நீ போய்விட்ட செய்தி என்னை வந்து சேர நான்கு நாளாயிற்று.

அந்தக் கண்ணாடித் துண்டுகள் என் மேஜையில் இருக்கின்றன. அன்று அவற்றில் பெயர் எழுதவில்லை. நீ மாற்றி மாற்றி வைத்ததில் எது யாருடையது என்பது தெரியாமல் போயிற்று. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறேன். எது நீ, எது நான், சொல்ல முடியவில்லை.

அதனால் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.