பேச வராத பாதி

கோபக்காரிக்கு,

தலையில் போட்ட தையல் ஆறிவிட்டது. மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருந்த பாலத்தை வெட்டிய பிறகு வலிப்பு வரவே இல்லை. ஆனால் வலது கை பட்டன் போடப் போட, இடது கை கழற்றிக்கொண்டே வருகிறது. தையல்காரனுக்குச் சட்டை போட அரை மணி நேரம்.

நேற்று டாக்டர் திரையின் நடுப்புள்ளியையே பார்க்கச் சொல்லிவிட்டு, இடது ஓரத்தில் ஒரு படத்தைக் கண நேரம் காட்டி மறைத்தார். "ஒண்ணும் தெரியலையே" என்றேன். துணிக்கு அடியில் கிடந்த சாமான்களை இடது கையால் துழாவச் சொன்னார். அது சாவியை எடுத்தது. படமும் சாவிதானாம்.

"ஏன் இதை எடுத்தீங்க?"

"கடையைப் பூட்டினேனான்னு யோசனை, அதான்" என்றேன், வாய் கூசாமல்.

பார்த்த பாதிக்குப் பேச வராதாம்; இடது கை அதன் சொல்படிதான் நடக்குமாம். பேசுகிற பாதி எதையும் பார்க்காமலே கதை கட்டுகிறதாம். பொய் என்று எனக்கே தெரியவில்லை.

அதிலிருந்து மனசு சரியில்லை. ஆபரேஷன் முடிந்து வீடு வந்த வாரமே கோபித்துக்கொண்டு கிளம்பினாயே, அன்று வாசலில் நின்று "நான் போகட்டுமா?" என்று கேட்டாய். "தாராளமா போ" என்றேன். என் இடது கை உன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "வார் முறுக்கிக்கிச்சு, சரி பண்றேன்" என்றேன். நீயும் நம்பினாய். நானும் நம்பினேன்.

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் "நீ வர வேண்டாம்" என்று முடித்தேன். மூன்றையும் இடது கை கசக்கிப் போட்டது. ஏன் என்று என்னைக் கேட்காதே, ஏதாவது காரணம் சொல்லிவிடுவேன்.

இதில் அந்த வரியை எழுதவில்லை. இடது கை தாளை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்