முயலின் காது

1961, தை 6.

விருதுநகர் பொருட்காட்சியில் இன்று என் வெண்கல முயலைச் சுற்றி ஒரே கூட்டம். "காதைப் பாருங்கய்யா, உசுரு இருக்கு!" என்றார் ஒரு மிளகாய் வியாபாரி. பக்கத்தில் நின்ற தங்கச்சி செல்லம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் பார்த்து மெழுகில் உருவம் செய்யத்தான் ஒரு முயலைப் பிடித்துக் கூண்டில் வைத்திருந்தேன். "பாவம்ணே, விட்டுரு" என்று கெஞ்சினாள். "காது மட்டும் சரியா வரலை. நாளைக்கு விட்டுருதேன்" என்றேன். மறுநாள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு என்ற பெரிய வெடியை வெடித்துச் சோதித்தார்கள். பயத்திலேயே முயல் செத்துவிட்டது. காதை முதுகோடு ஒட்ட மடக்கிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் காதை முடித்தேன்.

திரும்பும்போது செல்லம் கேட்டாள். "அந்த வெண்கல முயலை யாராச்சும் வாங்கிருவாகளாண்ணே?"

"தெரியலை."

"வாங்காட்டியும் வீட்டுக்குக் கொண்டு வந்துராத."

சரி என்றேன். கூண்டு இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது.